பூஸ்டர் மாற்றிய பிறகு பிரேக் பெடல் இறங்குகிறது: குறை எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது

பெங்களூரு கே.ஆர். புரத்தில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடையது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக்; திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. பிரேக் பெடல் நாளுக்கு நாள் கெட்டிப்பட்டு, சிக்னலில் வண்டியை நிறுத்தவே முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருந்ததால், பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காலின் அழுத்தத்துக்கு வலுக்கூட்டும் பூஸ்டரை மாற்றியிருக்கிறார்கள். இப்போது மிதிப்பதற்கு இலகுவாக இருக்கிறது; ஆனால் பெடல் பாதிக்கும் கீழே போன பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. காலை எடுத்து உடனே மறுபடி மிதித்தால் மேலேயே பிடிக்கிறது. புது பூஸ்டர் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். பூஸ்டரே டூப்ளிகேட்டாக இருக்கும், வேறு வாங்கிப் போடுங்கள் என்கிறார் ஸ்பேர் கடைக்காரர். பூஸ்டரை இன்னொரு முறை மாற்ற வேண்டுமா, இப்படியே சேலத்துக்கு ஓட்டிச் செல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டிச் செல்லக் கூடாது. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் நேர்ச்சாலைதானே என்று தோன்றலாம். ஆனால் தருமபுரியைத் தாண்டிய பிறகு தொப்பூர் கணவாயில், சேலம் நோக்கிப் போகிறவருக்கு இறக்கம், அதுவும் பாரம் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே. இரண்டாவது மிதியில்தான் பிடிப்பேன் என்கிற பிரேக்குக்கு அங்கே இரண்டாவது மிதிக்கு அவகாசம் கிடைக்காது. ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புவதோ, மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதோ நல்லது. கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். இழுபடும் வண்டிக்கும் பிரேக் வேண்டும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பூஸ்டரை மறுபடி மாற்றுவது, இப்போது சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், வீண் செலவு. பூஸ்டர் கெட்டால் பெடல் இறுகும், இளகாது. உங்கள் வண்டியில் முன்பு நடந்ததே அதற்குச் சாட்சி. பூஸ்டர் என்பது நடுவில் ரப்பர் டயஃப்ரம் வைத்து மூடிய ஒரு தகடுக் கூடு. என்ஜின் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) வரும் வேக்கம், அதாவது காற்று உறிஞ்சப்பட்ட தாழ் அழுத்தம், டயஃப்ரமின் இரு பக்கமும் நிரம்பியிருக்கிறது. டீசல் வண்டிகளில் இதற்கென்று தனியே வேக்கம் பம்ப் உண்டு. பெடலை மிதித்ததும் உள்ளே ஒரு வால்வு திறந்து, பெடல் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. ஒரு பக்கம் காற்றழுத்தம், மறுபக்கம் வேக்கம் என்றான பிறகு டயஃப்ரம் முன்னோக்கித் தள்ளப்பட்டு, அதன் நுனியிலுள்ள புஷ் ராட் என்னும் கம்பி, பிரேக் ஆயிலை அமுக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பூஸ்டருக்கு அவ்வளவுதான் வேலை. பிரேக் ஆயிலோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. டயஃப்ரம் கிழிந்தாலோ, வேக்கம் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு கசிந்தாலோ உதவி நின்றுபோய் முழு வேலையும் உங்கள் காலுக்கு வந்துவிடும். பெடல் கல்லாக இருக்கும்.

பெங்களூரு உயரமான ஊர் என்பதால் பெடல் இளகும் என்றொரு விளக்கத்தையும் இங்கே கேட்டிருக்கிறேன். அது தலைகீழான விளக்கம். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரில் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. பூஸ்டர் நம்பியிருப்பது அந்தக் காற்றழுத்தத்தைத்தான் என்பதால் அதன் உதவியும் சற்றுக் குறையும். அதாவது பெடல் ஒரு நூலளவு கெட்டியாகலாமே தவிர, கீழே இறங்காது.

அப்படியானால் பூஸ்டர் மாற்றிய பிறகு மட்டும் ஏன் இறங்குகிறது? மாற்றும் வேலையின்போது நடந்த ஏதோ ஒன்று, அல்லது முன்பே இருந்த குறையைப் பழைய பூஸ்டர் மறைத்து வைத்திருந்தது. முதலாவதில் இரண்டு வகை உண்டு: ஆயில் பாதையில் காற்று புகுந்திருப்பது, பூஸ்டர் புஷ் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையிலான இடைவெளி அதிகமாகியிருப்பது. இரண்டாவதில் பெரும்பாலும் பின்சக்கர டிரம்மின் உட்புறத்தை உரசிப் பிடிக்கும் லைனிங் தேய்ந்து அட்ஜஸ்ட் செய்யப்படாமல் இருப்பது, அதற்கடுத்து மாஸ்டர் சிலிண்டரின் வாஷர்கள், அதாவது ஆயில் வழியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள், களைத்துப்போயிருப்பது.

மறைத்து வைத்தது எப்படி என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பிஸ்டனின் பரப்பு சுமார் 3.1 சதுர சென்டிமீட்டர். பெடலின் நெம்புகோல் விகிதம் நான்கு மடங்கு என்று கொள்வோம். பாதையில் ஒரே ஒரு சி.சி. காற்று இருந்தால், அதை அமுக்கித் தீர்க்கப் பிஸ்டன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டும். பெடலில் அது நான்கு மடங்காகி ஒன்றேகால் சென்டிமீட்டர் ஆகிறது. மூன்று சி.சி. காற்று, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவானது, பெடலை நான்கு சென்டிமீட்டர் இறக்கிவிடும். காற்றோ லைனிங் இடைவெளியோ முன்பே இருந்திருந்தால், பழைய பூஸ்டர் உதவாமல் இருந்த காலத்தில் இதே தூரத்தை உங்கள் கால் எதிர்ப்போடு கடந்துகொண்டிருந்திருக்கும். அதனால் கெட்டியாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது, கீழே போகிறது என்று தோன்றவில்லை. புது பூஸ்டர் அந்த எதிர்ப்பை வாங்கிக்கொண்டுவிட்டது. இப்போது பெடல் சும்மா விழுவதுபோல் இருக்கிறது. ஆகவே முன்னைவிடக் கொஞ்சம் இறங்கிப் பிடிப்பது இயல்பு என்பதில் உங்கள் மெக்கானிக் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. பாதிக்கும் கீழே போவது இயல்பல்ல. ஓட்ட ஓட்டச் சரியாகக்கூடியதும் அல்ல. காற்று தானாக வெளியேறாது, ராட் தானாக நீளாது.

சோதனையை என்ஜினை அணைத்துவிட்டே தொடங்க வேண்டும். என்ஜின் நின்ற நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் பூஸ்டருக்குள் மிஞ்சியிருக்கும் வேக்கம் தீர்ந்துவிடும். அதன் பிறகு மிதிக்கும்போது உங்கள் காலுக்குத் தெரிவது ஆயில் பாதையின் நிலை மட்டும்தான். பூஸ்டர் இப்போது வெறும் இரும்புக் கம்பி. அந்த நிலையிலும் பெடல் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். பெடலை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ஜினை ஸ்டார்ட் செய்தால், பூஸ்டர் வேலைசெய்யத் தொடங்கியதற்கு அடையாளமாகப் பெடல் சிறிது கீழே இழுக்கும். ஓரிரு சென்டிமீட்டர் என்றால் சரி.

இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். என்ஜினை ஓடவிட்டு அணைத்த பிறகு மிதித்தால், முதல் மிதி ஆழமாகவும் அடுத்தடுத்த மிதிகள் மேலே மேலேயும் பிடிக்கும். அது பூஸ்டர் கசியாமல் இருப்பதன் நல்ல அடையாளம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மிதி மேலே பிடித்தால்தான் அது நோய். நீங்கள் சொல்வது டிராஃபிக்கில் ஓட்டும்போது நடப்பதை என்பதால் இரண்டாவது வகை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அப்படி எடுத்துக்கொண்டால் ஒரு முக்கியமான முடிவுக்கு உடனே வந்துவிடலாம். புஷ் ராட் இடைவெளி அதிகமாக இருந்தால், ஒவ்வொரு மிதியிலும் பெடல் அதே அளவு இறங்கும். ஏனென்றால் காலை எடுத்ததும் பிஸ்டன் தன் ஸ்பிரிங்கால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது, இடைவெளி திரும்பவும் அதே இடைவெளிதான். வேகமாக இரண்டாம் முறை மிதிக்கும்போது பெடல் உயர்கிறது என்றால், பிஸ்டன் பின்வாங்கும்போது வாஷரின் ஓரமாகக் கூடுதல் ஆயில் முன்னால் போய்ச் சேர்ந்து, அது சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெற்றிடத்தை நிரப்புகிறது என்று பொருள். அந்த வெற்றிடம் காற்றாக இருக்கலாம், அல்லது டிரம்முக்கும் லைனிங்குக்கும் இடையிலுள்ள அதிக இடைவெளியாக இருக்கலாம். உங்கள் வண்டியில் தேட வேண்டியவை முதலில் இந்த இரண்டும்தான்.

இவற்றைப் பிரித்தறிவது எளிது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். இழுக்காதபோது இருந்ததைவிடப் பெடல் தெளிவாக மேலே பிடித்தால் பின் லைனிங் தள்ளி நிற்கிறது. டிரம்முக்குள் இருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் இந்த ஊர்த் தூசியிலும் மழையிலும் துருப்பிடித்து இறுகிப்போவது சாதாரணம். டிரம்மைக் கழற்றி, அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, லைனிங் லேசாக உரசும் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு பல் பின்வாங்கினால் போதும். டிரம்மைக் கழற்றும்போது வீல் சிலிண்டரின் (லைனிங்கைத் தள்ளும் சிறு சிலிண்டர்) ரப்பர் உறையைச் சற்றே தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சிலிண்டர் கசியத் தொடங்கிவிட்டது. ஹேண்ட் பிரேக் இழுத்தும் பெடலில் மாற்றமே இல்லையென்றால் காற்றுதான்.

லைன்களைக் கழற்றாமலேயே பூஸ்டரை மாற்றினேன், காற்று எப்படிப் புகும் என்று மெக்கானிக் கேட்கக் கூடும். பல வண்டிகளில் அது சாத்தியமே; மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, குழாய்களோடு சேர்த்து முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு பூஸ்டரை எடுத்துவிடலாம். ஆனால் அப்படித் தள்ளும்போது சிலிண்டர் சாய்ந்து, அதன் மேலுள்ள ஆயில் டப்பாவில் மட்டம் குறைவாகவும் இருந்தால், உள்ளே காற்று போக அது போதும். குழாயின் நட்டு முழுதாகக் கழலாமல் அரைச் சுற்று தளர்ந்திருந்தாலும் போதும். வளைத்த குழாயின் நுனி சரியாக உட்காராமல் இருந்தாலும் போதும். அந்த நட்டுகளின் கீழே விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ, பெயின்ட் உரிந்து சுருங்கியிருப்பதோ தெரிந்தால் அங்கேதான் வாசல்.

ஏர் எடுக்கும் வேலையை, அதாவது ஆயில் பாதையிலுள்ள காற்றை வெளியேற்றுவதை, எடுத்த எடுப்பில் சக்கரத்தில் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பூஸ்டர் வேலைக்குப் பிறகு காற்று தங்கியிருப்பது பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள். பல வண்டிகளில் சிலிண்டரின் மூக்கு சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். காற்று அந்த மூக்கில் போய் ஒதுங்கிக்கொண்டு, சக்கரத்தில் எத்தனை பாட்டில் ஆயிலை ஓட்டினாலும் அசையாமல் இருக்கும். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சிலிண்டரைக் கிடைமட்டமாகக் கொண்டுவந்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். டப்பாவை நிரப்பிக்கொண்டு, சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஒரு குழாயின் நட்டைத் துணி சுற்றிய ஸ்பேனரால் சிறிது தளர்த்தி, உள்ளே இருப்பவரை மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள். சலசலவென்று நுரையோடு ஆயில் வரும். பெடல் கீழே இருக்கும்போதே நட்டை இறுக்கி, அதன் பிறகே காலை எடுக்கச் சொல்ல வேண்டும். நுரை நின்று தெளிந்த ஆயில் வரும்வரை இதைச் செய்து, அடுத்த குழாய்க்குப் போகலாம். சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும்.

பெடலின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டே இதையெல்லாம் செய்யச் சொல்வேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் அன்றாடம் போய்வருவது முதல் பாதியில் மட்டும்; மீதிப் பாதியின் சுவரில் பல ஆண்டுத் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை மிதித்தால் வாஷர்கள் அந்தச் சொரசொரப்பின்மேல் ஓடிக் கிழியும். காலையில் நன்றாக இருந்த சிலிண்டர் மாலையில் இறங்கத் தொடங்குவதற்கு இதுவே காரணம். கட்டை வைத்திருந்தால் பெடல் முக்கால் தூரத்திலேயே நின்றுவிடும்.

அதற்குப் பிறகுதான் சக்கரங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகே வருவது பொது வழக்கம். நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று அமையும். ஆனால் பிரேக் லைன்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்ட (ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே லைனில் இருக்கும்) முன்சக்கர இயக்க வண்டிகள் பலவற்றுக்குக் கையேட்டில் வேறு வரிசை சொல்லப்பட்டிருக்கும். கையேடு சொல்வதே சரி. சக்கரத்தில் காற்றை வெளியேற்றுவதற்கான சிறு திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் ரப்பர் டியூப் ஒன்றை மாட்டி, அதன் மறுநுனியைப் பாதி ஆயில் நிரப்பிய பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். உள்ளே இருப்பவர் வேகவேகமாகப் பம்ப் அடிக்கக் கூடாது; அப்படி அடித்தால் பெரிய குமிழி நூறு பொடிக் குமிழியாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், பிறகு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். மெதுவாக அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஓட்டம் நிற்பதற்குள் மூட வேண்டும். மூடியாயிற்று என்ற குரல் கேட்ட பிறகே கால் மேலே வர வேண்டும். டப்பாவின் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே ஒருமுறை போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம் என்பதால் அதைக் கவனிக்க மூன்றாவதாக ஒருவர் இருந்தால் நல்லது. முன்சக்கர டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரை மரச் சுத்தியால் லேசாகத் தட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகள் பிரிந்து வரும்.

பூஸ்டரோடு சேர்த்து முன் காலிப்பர்களையும் கழற்றி மாட்டியிருந்தால், நிப்பிள் மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இடதும் வலதும் மாறிப்போய் நிப்பிள் கீழே வந்துவிட்டால் அந்தக் காற்றை யாராலும் எடுக்க முடியாது.

ஆயிலைப் பொறுத்தவரை, டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதைப் புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். பெயரில் அடுத்த எண்ணாக இருப்பதால் அது மேலான ரகம் என்று நினைத்துக் கலந்துவிடக் கூடாது. என்ஜின் ஆயிலோ, வேறெந்த மினரல் ஆயிலோ ஒரு சொட்டு சேர்ந்தாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பெருத்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கான தர வரம்பே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறியபின் 140. நந்தி மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியின் காலிப்பருக்கு அருகே அந்த வெப்பம் வருவது அபூர்வமல்ல. ஆயில் கொதித்து ஆவியானால், இன்று உங்கள் பெடலில் இருக்கும் அதே அறிகுறி மலைப்பாதையில் திடீரென்று வரும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான். பல ஆண்டுகளாக மாற்றாத ஆயில் என்றால், ஏர் எடுக்கும் சாக்கில் முழுவதையும் புதிதாக்கிவிடலாம்.

ஏபிஎஸ் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் எல்லாம் இந்த வகைதான். அதன் ஹைட்ராலிக் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் மிதித்து மட்டும் எடுக்க முடியாமல் போகலாம். ஸ்கேனரை இணைத்து, உள்ளிருக்கும் மோட்டாரையும் வால்வுகளையும் இயக்கி எடுக்க வேண்டும். மண் சாலையில் வேகமாகப் போய்ப் பிரேக் அடித்தால் ஏபிஎஸ் இயங்கிக் காற்று வெளியேறும் என்ற யோசனையை, இறங்கும் பெடலோடு யாரும் முயல வேண்டாம்.

இத்தனையும் முடித்துக் காற்றும் இல்லை, டிரம்மும் சரி, ஆனாலும் பெடல் எல்லா மிதிக்கும் ஒரே மாதிரி சும்மா இறங்கிப் பிறகு திடமாகப் பிடிக்கிறது என்றால், அப்போது ராட் பக்கம் வரலாம். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடினால் பெடலில் நான்கு மில்லிமீட்டர் என்ற அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். சரியான அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, அது பூஸ்டரில் உட்காரும் தளத்திலிருந்து பிஸ்டனின் குழி எவ்வளவு ஆழம் என்று டெப்த் கேஜால் அளந்து, பூஸ்டர் தளத்திலிருந்து ராட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். கேஜ் இல்லாதவர்கள் ராட் நுனியில் சிறு உருண்டை களிமண்ணை ஒட்டி, சிலிண்டரை மாட்டி இறுக்கிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தைப் பார்ப்பார்கள். கையேடு வேக்கம் கொடுத்து அளக்கச் சொல்லியிருந்தால் அப்படித்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் வேக்கம் ஏறும்போது கூட்டின் தகடு சற்றே வளைந்து அளவை மாற்றும்.

சிலிண்டரைக் கழற்றுமுன் மிதித்து வேக்கத்தைத் தீர்த்துவிடுங்கள். கழற்றியிருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது. ராடுக்குப் பின்னால் பூஸ்டருக்குள் ரப்பர் வட்டு ஒன்று இருக்கிறது, ரியாக்‌ஷன் டிஸ்க் என்பார்கள். ராடை வெளியே இழுத்துவிட்டால் சில பூஸ்டர்களில் அது கழன்று உள்ளே விழுந்துவிடும். அதன் பிறகு அந்த வட்டின் கனத்துக்குப் பெடல் சும்மா இறங்கும், அதைத் தாண்டியதும் தொட்டாலே வண்டி மூக்குக் குத்தி நிற்கும். இறங்குவதும் வெடுக்கென்று பிடிப்பதும் சேர்ந்தே இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பழைய ஸ்பேர் கடையில் வாங்கிய அல்லது ரிப்பேர் செய்து விற்கப்படும் பூஸ்டரில் கூடுதலாகச் சந்தேகிக்கலாம். பெங்களூருவில் ஸ்பேர் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் புதிதாக வாங்கினாலும், கழற்றிய பூஸ்டரைக் கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து, கூட்டின் விட்டம், இரண்டு பக்கத்து ராட் நீளம், போல்ட் இடைவெளி மூன்றையும் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. ஒரே மாடலிலேயே ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் பூஸ்டர் வேறாக இருக்கக் கூடும்.

பெடலை மேலே கொண்டுவரும் அவசரத்தில் ராடை அளவுக்கு மீறி நீட்டிவிடுவது, இறங்கும் பெடலைவிட மோசமான குறை. பிஸ்டன் எப்போதும் சிறிது தள்ளப்பட்ட நிலையிலேயே இருப்பதால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடிக்கொள்ளும். புறப்படும்போது பெடல் அருமையாக இருக்கும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நாலு முறை மிதிப்பதற்குள் ஆயில் சூடேறி விரிந்து, திரும்பப் போக வழியில்லாமல் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும். வண்டி இழுக்காது, சக்கரத்தில் தீய்ந்த வாடை வரும். அப்போது என்ஜினை அணைத்து, மாஸ்டர் சிலிண்டரின் இரு நட்டுகளையும் ஓரிரு சுற்று தளர்த்திப் பாருங்கள். சக்கரங்கள் விடுபட்டால் ராட் நீளம்தான் காரணம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு: உங்களுடையது போன்ற ஏபிஎஸ் இல்லாத பழைய வகைச் சிலிண்டரில், டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரை மிக மெதுவாக மிதிக்கச் சொன்னால், பெடல் நகரத் தொடங்கியதுமே அந்தத் துளையிலிருந்து ஆயில் ஒரு சின்ன ஊற்றாகக் கொப்பளிக்கும். கொப்பளிக்கவே இல்லையென்றால் துளை ஏற்கெனவே மூடியிருக்கிறது. ராடைக் குறைக்க வேண்டும். முகத்தை மேலே நீட்டிப் பார்க்காதீர்கள், ஆயில் கண்ணில் தெறிக்கும்.

பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் பிடித்திருக்கும்போது அது நகர்ந்து நகர்ந்து கீழே போனால் கதை வேறு. வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் வாஷரைத் தாண்டி வழிகிறது. சந்தேகம் தீர, சிலிண்டரின் வெளியேறும் துளைகளை உரிய அளவு பிளக் போட்டு அடைத்து மிதித்துப் பார்க்கலாம்: பெடல் அசையாமல் நின்றால் சிலிண்டர் நல்லது, குறை கீழே, அப்போதும் இறங்கினால் சிலிண்டரை மாற்ற வேண்டும். நல்ல ஒர்க்‌ஷாப்பில் சிறிது நேரத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல், ஊகத்தின் பேரில் சாமான் சாமானாக மாற்றிக்கொண்டு போவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

கடைசியாக, கழற்றிப் போட்ட பழைய பூஸ்டரை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கேட்டு வாங்குங்கள். அதை மாஸ்டர் சிலிண்டர் பக்கமாகச் சாய்த்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளிருந்து பிரேக் ஆயில் வடிந்தால், அந்த பூஸ்டர் வயதாகிச் சாகவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க வாஷர் கசிந்து, ஆயில் உள்ளே இறங்கி டயஃப்ரமைக் கெடுத்திருக்கிறது. சிலிண்டரை மாற்றாமல் விட்டிருந்தால் புது பூஸ்டருக்கும் அதே கதிதான். வேலை முடிந்த முதல் சில வாரங்கள் டப்பாவின் மட்டத்தைப் பேனாவால் குறித்து வைத்துக் கவனியுங்கள். சக்கரங்களிலோ குழாய்களிலோ ஈரம் இல்லாமல் மட்டம் மட்டும் குறைந்துவந்தால், அல்லது சைலன்சரில் காரணமில்லாமல் வெள்ளைப் புகை வந்தால், ஆயில் பூஸ்டர் வழியாக என்ஜினுக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சிலிண்டரின் நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தில் விரல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.